பொய்க்குரலும் மெய்க்காற்றும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கோடியில், நூயெசஸ் நதிக்கும் ரியோ கிராண்டே நதிக்கும் இடையே, மெக்ஸிகோ வளைகுடாவை நோக்கி மெல்லச் சரிந்து செல்லும் பரந்த சமவெளியொன்று உண்டு. டெக்ஸஸ் மாநிலத்தைச் சேர்ந்த அந்தப் பிரதேசத்தை ஸ்பானிய மொழி பேசும் மாட்டுக்காரர்கள் ‘பிரசாடா’ என்று அழைப்பார்கள்; புதர்க்காடு என்பது பொருள். அதைத் தமிழ் வாசகர் மனக்கண்ணால் காண்பதற்கு அதிகப் பிரயாசை தேவையில்லை. இராமநாதபுரத்துக் கண்மாய்க்கரை ஒன்றில், சீமைக் கருவேலம் இருபுறமும் நெருங்கி வந்து, ஆடு போகும் தடமும் முள்ளுக்குள் மறைந்துபோகும் இடத்தில் ஒருமுறை நின்றவர், அந்நாட்டின் பாதியைப் பார்த்தவரே ஆவார். அங்கே மைல் கணக்கில் படர்ந்து நிற்கும் மெஸ்கீட் மரம் நம் சீமைக் கருவேலத்துக்கு நெருங்கிய தாயாதி. வேலிக்காத்தான் என்று நாம் ஏசும் மரம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கண்டத்திலிருந்தே நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தது. சப்பாத்திக்கள்ளியும் அக்கண்டத்துச் செடிதான். இங்கே 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஒருவகைச் செதிற்பூச்சி அதைச் சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலும் தின்று ஒழித்தது. தன் தாய்நாட்டிலோ அது இன்றும் புதர்தோறும் இடுப்பளவுக்கு எழுந்து நிற்கிறது. முள்ளின் கொடுமை காரணமாக, அங்கு மாடு மேய்ப்பவர்கள் குதிரைமீது ஏறும்போது கால்களைத் தடித்த தோலுறையால் போர்த்திக்கொள்வது பல தலைமுறை வழக்கம்.

ஜனவரி மாதத்தில் ஒரு நாள், கிழக்கு வெளுக்கும் முன்பே, ஒருவன் இந்தக் காட்டுக்குள் அடிமேல் அடிவைத்து நுழைந்து, மெஸ்கீட் தூரொன்றில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, மடியிலே துப்பாக்கியைக் கிடத்திக்கொண்டு, இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே ஒரு சிறு மரக்குழலை வைத்து ஊதுகிறான் என்று கொள்வோம். அக்குழலிலிருந்து எழுவது இசையன்று. பகைவன் வாயில் அகப்பட்ட முயல், உயிர் போகும் தறுவாயில் எழுப்பும் வீரிடல். பத்து நிமிஷம் கழியலாம். இருபது நிமிஷமும் கழியலாம். பிறகு, சாம்பலும் பழுப்பும் கலந்த ஓர் உருவம், வந்த வழி தெரியாமல், புதர் விளிம்பிலே நிற்கும்; அல்லது ஒன்றுமே நிற்காது. இவ்விரு முடிவுகளுக்கும் இடையே, ஒரு மிருகத்தின் செவியிலும் நாசியிலும் சித்தத்திலும் நிகழ்வது என்ன என்பதே இவ்வத்தியாயத்தின் விஷயம்.

அந்த மிருகத்தின் பெயர் கொயோட்டி. நாய்க் குடும்பத்தில், ஓநாய்க்குத் தம்பி என்றும் நரிக்குத் தமையன் என்றும் சொல்லத்தக்க உருவமுடையது. எடை சுமார் 9 கிலோவிலிருந்து 20 கிலோ வரை இருக்கும். மெக்ஸிகோவின் பழைய ஆஸ்டெக் மக்கள் பேசிய நாவாட்டில் மொழியில் ‘கொயோட்டில்’ என்று வழங்கிய சொல், ஸ்பானியர் வாயில் திரிந்து இப்பெயராயிற்று. 1804இல் மிஸ்ஸூரி நதி வழியே மேற்கு நோக்கிச் சென்ற லூயிஸ், கிளார்க் என்ற யாத்திரிகர்கள் இதைப் புல்வெளி ஓநாய் என்று குறித்துவைத்தார்கள். அதே நதிக்கரையில் பின்னர் கிடைத்த ஒரு பிராணியைக் கொண்டு, தாமஸ் சே என்ற இயற்கைநூலார் 1823இல் இதற்கு ‘கானிஸ் லாட்ரான்ஸ்’ என்று சாஸ்திர நாமம் சூட்டினார். குரைக்கும் நாய் என்பது அதன் அர்த்தம். நிறத்தையோ பல்லையோ வாலையோ நோக்காமல் குரலை நோக்கிப் பெயரிட்டது எவ்வளவு பொருத்தம் என்பது போகப்போகத் தெரியும். நம் கதைகளில் நரிக்கு எந்த ஸ்தானமோ, அந்த ஸ்தானம் அமெரிக்கப் பழங்குடி மக்களின் கதைகளில் கொயோட்டிக்கு உண்டு. பிறரை ஏமாற்றுவதும் அதுவே, தானே ஏமாந்து தவிப்பதும் அதுவே, சில கதைகளில் உலகை ஒழுங்கு செய்வதும் அதுவே.

விலங்கை விலங்கின் சாயலால் வசப்படுத்தும் உபாயம் மிகப் பழையது. வேட்டுவர் பழக்கிக் கட்டிவைத்து, தன் இனத்தைத் தன்னிடம் வரச்செய்யும் மிருகத்துக்குச் சங்க காலத் தமிழர் ‘பார்வை’ என்று பெயரிட்டிருந்தார்கள். அத்தகைய பார்வை மானைக் கட்டிய விளாமரத்தைப் பெரும்பாணாற்றுப்படை எயினர் குடியிருப்பின் வர்ணனையில் காட்டுகிறது. உருவத்தை விட்டுக் குரலையே பார்வையாக்குவது இதன் அடுத்த படி. நம் நாட்டு நரிக்குறவர் சமூகத்தின் முதியோர், நரியின் ஊளையை நரியே ஐயுறாதபடி எழுப்பி, அதை வலைக்குள் வரவழைக்கும் வல்லமைக்குப் பெயர்பெற்றிருந்தார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அவ்வேட்டைக்கு இடமில்லை. டெக்ஸஸில் கொயோட்டிக்குக் காப்புப் பருவம் என்று ஒன்று கிடையாது. அங்கே அக்கலை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மத்திய டெக்ஸஸிலுள்ள மார்பிள் ஃபால்ஸ் என்ற ஊரில் மர்ரி, வின்ஸ்டன் என்ற பர்னம் சகோதரர்கள் தந்தையிடம் கற்ற இவ்வித்தையைக் கைத்தொழிலாக வளர்த்து, சிறு குழல்களைச் செய்து விற்று, இருபதாம் நூற்றாண்டின் நடுவிலே நாடெங்கும் பரப்பினார்கள். அதற்குச் சற்று முன்னரே, 1946இல், கொயோட்டிகளைக் குரலால் வரவழைப்பது பற்றி ஆல்கார்ன் என்பவர் எழுதிய கட்டுரையொன்று பாலூட்டிகளைப் பற்றிய ஆராய்ச்சிப் பத்திரிகையில் வெளியாயிற்று. வேடன் வித்தை விஞ்ஞானியின் மேசைக்கு வந்தது.

குழலின் அமைப்பு எளியது. ஒருவகையில், நாகஸ்வரத்தின் சீவாளி வெளியே தெரிந்து உதட்டுக்கு வசப்படுவதுபோல், அதிரும் நாக்கு திறந்தே இருக்கும். உதடு அழுந்தும் இடம் மாற மாற, எலியின் கீச்சொலியிலிருந்து கொயோட்டியின் ஊளை வரையில் பல குரல்கள் அதிலிருந்து பிறக்கும். மற்றொருவகையில், மகுடியின் சுரைக்குடுக்கைக்குள் நாக்கு மறைந்திருப்பதுபோல், அது குழலுக்குள்ளேயே அடைபட்டிருக்கும். அதில் பழக்கமற்றவனும் ஊதலாம், ஆனால் ஒரு குரலுக்கு மேல் வாராது. இவ்விரண்டுக்கும் பின்னர் வந்தது இயந்திரம்; உண்மையான முயலின் அலறலையே பதிவு செய்து, வேட்டைக்காரன் உட்கார்ந்த இடத்துக்கு நூறடி அப்பால் வைத்த ஒலிபெருக்கியிலிருந்து எழுப்புவது இன்று சாதாரணம்.

இனி, அந்த அலறலின் ரகசியத்தைக் காண்போம். முயல் வாய்பேசாப் பிராணி. பிறந்தது முதல் இறக்கும்வரை அநேகமாக மௌனமே அதன் விரதம். அப்படிப்பட்டது, பல்லில் அகப்பட்ட பிறகு, இனி மறைந்து பயனில்லை என்ற நிலையில், குரலெடுத்துக் கதறுவானேன்? பறவைகளின் குரலை ஆராய்ந்த பீட்டர் மார்லர் 1955இல் ஓர் அரிய வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். வானத்தில் வல்லூறைக் கண்ட சிறுகுருவி எழுப்பும் எச்சரிக்கை, மெல்லத் தொடங்கி மெல்ல முடியும் ஒரே மெல்லிய சுருதியாக இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறதென்று வல்லூறால் எளிதில் கண்டுகொள்ள முடிவதில்லை. ஆனால், கிளையில் உட்கார்ந்திருக்கும் ஆந்தையைச் சூழ்ந்து விரட்டும்போது அதே குருவி எழுப்பும் ஒலி, திடீரென்று வெடித்து, பல சுருதிகள் கலந்து, கரகரப்பாக ஒலிக்கிறது; அது பிறக்கும் இடம் கேட்பவர்க்கு உடனே விளங்கிவிடும். இரு செவிகளுக்கும் ஒலி வந்து சேரும் கால வித்தியாசத்தையும் வலிமை வித்தியாசத்தையும் கொண்டே திசை தெரிகிறதாகையால், கூர்மையான தொடக்கமும் பல சுருதிக் கலப்பும் அக்கணக்குக்குத் துணைசெய்கின்றன. முயலின் அலறல் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஒளிந்தே வாழும் பிராணி, கடைசி மூச்சில் தன் இருப்பிடத்தை உலகறிய ஒலிக்கிறது.

இதற்கு 1983இல் யோரன் ஹொக்ஸ்டெட் என்ற அறிஞர் கூறிய சமாதானம் வியப்பூட்டுவது. அக்கதறல் சுற்றத்தாரை எச்சரிக்கவோ, உதவி கேட்கவோ எழுவதன்று. இன்னொரு பகைவனை வரவழைக்கவே எழுவது என்பது அவர் கருத்து. இரண்டாவது மாமிச பட்சணி ஓடிவந்தால் முதலாவதன் பிடி நெகிழலாம். இருவர் வழக்காடும் நேரத்தில் இரை நழுவலாம். சாவு நிச்சயமான இடத்தில் இந்தச் சிறு சந்தர்ப்பமும் லாபமே. இக்கொள்கையை ஏற்றால், கொயோட்டி முயலின் அலறலுக்கு ஓடிவருவது தற்செயலன்று. அந்த அலறல் அதற்கென்றே விடுக்கப்பட்ட அழைப்பு. வேட்டைக்காரன் புதிதாக ஒன்றும் கற்பிக்கவில்லை. அநாதி காலந்தொட்டு மூவர் ஆடிவரும் நாடகத்தில், முயலின் பாத்திரத்தை மட்டும் கடன் வாங்கிக்கொள்கிறான். இத்தகைய ஆபத்துக் குரலுக்கு இனவரம்பும் பெரிதில்லை. சூசன் லிங்கிள் என்ற ஆராய்ச்சியாளர் சக ஆராய்ச்சியாளர் ஒருவருடன் 2014இல் வெளியிட்ட சோதனைகளில், சீல் குட்டி, வௌவால் குஞ்சு, மனிதக் குழந்தை இவற்றின் அழுகுரலை, மான்குட்டியின் சுருதிக்கு ஒப்பாக்கி ஒலிபரப்பியபோது, தாய்மான்கள் அவற்றை நோக்கி ஓடிவந்தன. கொயோட்டிக்காக ஊதிய குழலுக்குப் பெண்மானும் புதர்ப் பூனையும் வந்து நிற்பதை வேட்டைக்காரர் பலர் கண்டிருக்கிறார்கள். அதன் காரணம் இப்போது ஒருவாறு விளங்குகிறது.

ஆனால், அழைப்புக்குச் செவி சாய்ப்பது வேறு, அதை நம்பி முன்வருவது வேறு. நம் தத்துவ நூல்கள் அறிவுக்குக் கருவியாகக் காட்சி, கருதல், உரை என்று மூன்று அளவைகளைக் கூறுகின்றன. பிறர் சொல்லக் கேட்பது உரை. அடையாளங்களைக் கொண்டு ஊகிப்பது கருதல். புலன் நேரே பற்றுவது காட்சி. குழலின் ஒலி கொயோட்டிக்கு வெறும் உரைதான். அது பொய்யாகவும் இருக்கலாம் என்பதை அம்மிருகம் அறிந்தே நடக்கிறது என்று தோன்றும்படி, அது நேர்கோட்டில் வருவதில்லை. ஒலியின் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதைச் சுற்றி ஓர் அரைவட்டம் போட்டு, காற்று அவ்விடத்திலிருந்து தன்னை நோக்கி வீசும் பக்கத்தை அடைந்து, அங்கே நின்று மோப்பம் பிடிக்கிறது. முயலின் வாசனை வந்தால் மேலே செல்லும். மனித வாசனை வந்தால் அக்கணமே மறையும். நாசியே அதற்குக் காட்சி.

கண்ணை விட்டு நாசிக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்கலாமா என்று கேட்பது நியாயம். கொலராடோவில் வெல்ஸ், லேனர் என்ற இருவர், அடைபட்ட அறையில் முயலைத் தேடவிட்டுக் கொயோட்டிகளைச் சோதித்து, 1978இல் முடிவை வெளியிட்டார்கள். பார்வையே முதலிலும், செவி அடுத்தும், மோப்பம் கடைசியிலும் உதவின என்பது அம்முடிவு. ஆனால் அறைக்குள் காற்று வீசுவதில்லை, நடுவே புதரும் நிற்பதில்லை. பிரசாடாவில் முப்பது கஜத்துக்கு அப்பால் முள்ளும் இலையுமே கண்ணில் படும். அங்கே கண்ணின் அதிகாரம் சுருங்கி, காற்றின் அதிகாரம் ஓங்குகிறது. இடத்துக்கேற்பச் சாட்சியை மாற்றிக்கொள்வது அப்பிராணியின் சுபாவம்.

இந்த இடத்தில்தான் வேட்டைக்காரனுக்கு இயற்கை ஒரு விசித்திரமான முடிச்சைப் போட்டு வைத்திருக்கிறது. தரைமட்டத்தில் காற்று, புல்லிலும் புதரிலும் உராய்ந்து, மெதுவாகச் செல்கிறது; மேலே போகப்போக அதன் வேகம் மிகுகிறது. ஆகவே, காற்றோடு செல்லும் ஒலியலை தரையை நோக்கி வளைந்து வெகுதூரம் கேட்கிறது. காற்றை எதிர்த்துச் செல்லும் ஒலியலையோ வானத்தை நோக்கி வளைந்து, தரையில் உள்ளவர் தலைக்கு மேலே போய்விடுகிறது. எனவே, குழலின் குரலைத் தொலைவிலிருந்து மிகத் தெளிவாகக் கேட்பவை, காற்று எந்தப் பக்கம் நோக்கி வீசுகிறதோ அந்தப் பக்கத்துக் கொயோட்டிகள். ஊதுபவனின் வியர்வை மணமும் அவற்றை நோக்கியே சென்றுகொண்டிருக்கிறது. பொய்யைச் சுமந்து செல்லும் காற்றே அதன் மறுப்பையும் சுமந்து செல்கிறது.

வேட்டைக்காரரின் சாமர்த்தியம் முழுவதும் இம்முடிச்சை அவிழ்ப்பதிலேயே செலவாகிறது. புதரை வெட்டி ஒதுக்கி, காட்டின் குறுக்கே நூல் பிடித்தாற்போல் இட்ட ‘செண்டெரோ’ என்ற வெட்டவெளிப் பாதைகள் அந்நாட்டில் நிறைய உண்டு. அனுபவசாலி, காற்று குறுக்காக வீசும் ஒரு செண்டெரோவைத் தேர்ந்து, தன் மணம் செல்லும் பக்கத்தில் அந்த வெட்டவெளி அமையும்படி உட்காருகிறான். அரைவட்டம் போட்டு வரும் கொயோட்டி, மோப்பம் பிடிக்கும் இடத்தை அடையும் முன் அப்பாதையைக் கடந்தே தீரவேண்டும். இருவர் சேர்ந்து செல்வதானால், ஊதுபவனை விட்டுக் காற்றின் போக்கிலே சிறிது தள்ளி மற்றவன் பதுங்குகிறான். வெட்டவெளியை நோக்குபவனுக்கு ரைபிள் உகந்தது. அடர்ந்த புதரில் மிருகம் தென்படும் தூரம் சில அடிகளேயாதலால், அங்கே ரவை சிதறும் துப்பாக்கியையே எடுத்துச் செல்கிறார்கள். முதல் அழைப்பை மெல்லிய குரலில் ஊத வேண்டும் என்பது மூத்தோர் சொல்லும் விதி. பக்கத்துப் புதரிலேயே கொயோட்டி படுத்திருக்குமாயின், திடீரென்று எழும் பேரலறல் அதை வெருட்டிவிடும்.

பொழுதைத் தேர்வதிலும் பௌதிக சாஸ்திரம் கைகொடுக்கிறது. காற்றசையாத விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்றுக் குளிர்ந்தும், மேலுள்ளது சற்று வெதுவெதுப்பாகவும் இருப்பதால், ஒலி மேலே தப்பிப் போகாமல் பூமியை நோக்கித் திரும்புகிறது. வெயில் ஏறித் தரை சூடானதும் நிலைமை தலைகீழாகி, காலையில் நெடுந்தூரம் எட்டிய அதே குரல் பாதித் தூரத்திலேயே நைந்துபோகிறது. நிறத்தைப் பற்றி வேட்டைக்காரர் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. நாய்க் குடும்பத்தின் கண்ணில் வர்ணங்களை அறியும் செல்கள் மூன்று வகையாயிராமல் இரண்டு வகையாகவே இருப்பதால், சிவப்பும் பச்சையும் அதற்குப் பெரிதும் வேறுபடுவதில்லை; இரவில் சிவப்பு விளக்கைப் பயன்படுத்துவது இக்காரணம் பற்றியே. ஆனால் அசைவை அக்கண் ஒருபோதும் மன்னிப்பதில்லை. கன்னத்தில் கொசு கடித்தாலும் கையெடுக்காதவனே இவ்வித்தைக்குத் தகுந்தவன்.

இரையின் குரலை விட்டு, கொயோட்டியின் சொந்தக் குரலிலேயே அதனோடு பேச முயல்வது இக்கலையின் உயர்ந்த பாகம். மேலே சொன்ன லேனர், 1978இல் அம்மிருகத்தின் ஒலிகளை 11 வகையாகப் பகுத்தார். உறுமல், குரைப்பு, முனகல், தனித்தவன் ஊளை, கூட்டத்தின் கலவை ஊளை என்று அவை விரிகின்றன. கடைசியாகச் சொன்ன கலவை ஊளையைக் கேட்டவர், பத்துப் பன்னிரண்டு மிருகங்கள் கூடிவிட்டன என்று சத்தியம் செய்வார். நேரில் சென்று பார்த்தால் ஆணும் பெண்ணுமாக இரண்டே நிற்கும். ஒவ்வொன்றும் நொடிக்கு நொடி சுருதியை மாற்றி மாற்றிக் குரலெழுப்ப, புதரும் பள்ளமும் அதை எதிரொலித்துச் சிதறடிக்க, சிறு குடும்பம் பெரும்படையாகத் தோன்றுகிறது. எல்லை தாண்டி வர நினைக்கும் அந்நியனை இந்தப் போலி எண்ணிக்கை தடுக்கும் என்பது விஞ்ஞானிகளின் ஊகம். மனிதன் அதனிடம் பொய் சொல்லும் முன்பே, அது தன் இனத்தாரிடம் மிகைப்படுத்திப் பேசக் கற்றிருக்கிறது. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், ஜோடி சேரும் பருவத்தில், அந்நிய ஊளையொன்று கேட்டால், எல்லையுடைய ஜோடி அதைச் சவாலாகக் கொண்டு வரக்கூடும். சுமார் அறுபது நாள் கர்ப்பத்துக்குப் பின் குட்டிகள் பிறந்த வசந்தத்தில், குட்டியின் அழுகுரலுக்குப் பெற்றோர் பாய்ந்து வரும். பிறந்த இடத்தை விட்டு இளசுகள் பிரிந்து அலையும் இலையுதிர் காலத்தில், அனுபவமின்மையே அவற்றை எந்தக் குரலுக்கும் இழுத்து வரும். அவசர ஊர்தியின் சங்கொலிக்கும் கொயோட்டிகள் ஊளையால் பதில் சொல்வதுண்டு. அந்தச் சுபாவத்தைக் கொண்டே, துப்பாக்கியில்லாத ஆராய்ச்சியாளர்கள், இரவில் சங்கை ஒலித்து, பதில் வரும் திசைகளைக் குறித்து, ஒரு பிரதேசத்தில் அவை எங்கெங்கே வசிக்கின்றன என்று கணிக்கிறார்கள்.

ஒருமுறை அழைக்கப்பட்டு, குண்டுக்குத் தப்பிய கொயோட்டியை மறுமுறை அதே குரலால் அழைப்பது மிகக் கடினம். இது வேட்டைக்காரர்களின் பொது அனுபவம். அத்தகையதைப் ‘படித்த கொயோட்டி’ என்று அவர்கள் சொல்கிறார்கள். எளிதில் நம்புவன சாக, ஐயுறுவன எஞ்சிக் குட்டி போட, காடே மெல்ல மெல்ல ஒரு பாடசாலையாகிறது.

இந்த உண்மையின் பெரிய வடிவத்தை அமெரிக்க அரசாங்கம் பெருஞ்செலவில் கற்றது. ஆட்டு மந்தைகளைக் காப்பதற்காக மாமிச பட்சணிகளை அழிக்கும் அதிகாரத்தை 1931ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு அளித்தது; பொறி, துப்பாக்கி, நஞ்சு எல்லாம் பல பத்தாண்டுகள் கையாளப்பட்டன; கூட்டரசு நிலங்களில் நஞ்சிடுவதை ஜனாதிபதி நிக்ஸன் 1972இல் தடுத்து உத்தரவிட்டார். ஓநாய் இம்முறைகளால் பெரும்பாலான இடங்களில் அழிந்தே போயிற்று. கொயோட்டியோ, ஓநாய் காலிசெய்த நாடுகளில் குடியேறி, வடக்கே அலாஸ்கா வரையிலும், கிழக்கே அட்லாண்டிக் கரை வரையிலும், தெற்கே பனாமா வரையிலும் பரவி, சிகாகோ மாநகரின் நடுவிலும் குட்டி வளர்க்கிறது. இதன் காரணத்தைத் தென் டெக்ஸஸ் புதர்க்காடே வெளிப்படுத்திற்று. ஃப்ரெடரிக் நோல்டன் 1972இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, கொயோட்டிகள் நெருங்கி வாழும் இடங்களில் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 4.3 குட்டிகளும், கடுமையாகக் கொன்று குறைத்த இடங்களில் 6.9 குட்டிகளும் பிறந்தன. உண்பார் குறைந்தால் உணவு மிகுகிறது; உணவு மிகுந்தால் கர்ப்பம் பெருகுகிறது; காலியான எல்லையை வெளியிலிருந்து வரும் இளசுகள் நிரப்புகின்றன. கானலி, லாங்ஹர்ஸ்ட் என்ற இருவர் 1975இல் கணித முறையில் ஆராய்ந்து, ஆண்டுதோறும் நூற்றுக்கு எழுபத்தைந்தைக் கொன்றாலும் இனம் அற்றுப்போக ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகும் என்று கண்டார்கள். அதற்கும் வெகுமுன்பே, எல்லோஸ்டோன் காட்டில் ஆயிரக்கணக்கான எச்சங்களைப் பொறுக்கிப் பிரித்து ஆராய்ந்த அடால்ஃப் மியூரி, இவ்விலங்கின் உணவில் எலியினமே மிகுதி என்று 1940இல் எழுதியிருந்தார். தென் டெக்ஸஸில் கோடைக்கு அதன் எச்சத்தைப் பிரித்தால், மெஸ்கீட் நெற்றும் கள்ளிப்பழ விதையும் கிடைக்கும். ஆட்டுக்குட்டியை இழந்த குடியானவனின் வயிற்றெரிச்சல் பொய்யன்று. ஆனால் அதற்குக் கொயோட்டி இனம் முழுவதையும் பொறுப்பாக்கிய கணக்கு பொய்த்தது.

இதே காட்டில், வேட்டைக்காரன் முறைக்கு நேர் எதிரான ஓர் அழைப்பும் ஒருகாலத்தில் நடந்தது. 1988இல் எல்லைப்புறத்துக் கொயோட்டிகளிடையே நாய்வகை வெறிநோய் தோன்றி, ஆண்டுக்கு ஆண்டு வடக்கே பரவி, வீட்டு நாய்களையும் பற்றிக்கொண்டு, பெரிய நகரங்களை நெருங்கலாயிற்று. கொல்வதால் நோயை நிறுத்த முடியாது என்பது தெளிவான நிலையில், தடுப்பு மருந்தை உள்ளே வைத்து, மணமுள்ள தீனியால் மூடிய கட்டிகளை 1995ஆம் ஆண்டு முதல் விமானங்களிலிருந்து லட்சக்கணக்கில் புதர்களின்மீது தூவினார்கள். கொயோட்டிகள் அவற்றை மோந்து பார்த்து, தின்று, நோய்க்கு எதிரான சக்தி பெற்றன. சில ஆண்டுகளில் தென் டெக்ஸஸில் அவ்வகை வெறிநோய் அடங்கியது. 2007இல் அமெரிக்க ஐக்கிய நாடுகள் அதனின்றும் விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. மனிதன் இம்முறை செவியை விட்டு நாசியை நாடினான். நாசி மோந்த தீனி உண்மையிலேயே தீனியாக இருந்தபடியால், அரைவட்டம் போட்டு வந்த ஐயத்துக்கும் அங்கே வேலை இருக்கவில்லை.

புதர்நாட்டில் பிறந்து, அதன் மாட்டுக்காரர்களிடம் கேட்ட கதைகளையும் அனுபவங்களையும் திரட்டி எழுதிய ஜே. ஃப்ராங்க் டோபி என்ற ஆசிரியர், 1949இல் வெளியிட்ட தம் நூலுக்குக் ‘கொயோட்டியின் குரல்’ என்று பெயரிட்டார். அக்குரலைக் கேட்க விரும்பிய எவனும், முதலில் தான் வாய்மூடி இருக்கக் கற்கிறான். ஆரம்பத்தில் நாம் மெஸ்கீட் தூரில் உட்கார்த்தி வைத்த மனிதன், இருபது நிமிஷம் ஊதியும் ஒன்றும் காணாதவனாய், கால் மரத்துப்போய் எழுந்திருக்கிறான். இந்தக் காட்டில் இன்று கொயோட்டியே இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பாமல், காற்று போன வழியே சிறிது தூரம் நடக்கிறான். செண்டெரோவின் ஈர மணலில் புதிய அடிச்சுவடுகள் கிடக்கின்றன. அவை வடபுறத்துப் புதரிலிருந்து வெளிப்பட்டு, அவன் உட்கார்ந்திருந்த தூரைச் சுற்றி வளைந்து, ஓரிடத்தில் நான்கு கால்களும் நன்றாக அழுந்தும்படி நின்று, அங்கிருந்து நீண்ட பாய்ச்சலாக மறுபுறம் மறைந்திருக்கின்றன. அவன் அந்த இடத்தில் நின்று திரும்பிப் பார்க்கிறான். தான் உட்கார்ந்திருந்த தூர் இலைகளுக்கிடையே தெளிவாகத் தெரிகிறது. காற்று அத்திசையிலிருந்து அவன் முகத்தில் வீசுகிறது.